தீர்ப்பைத் தேடிய பார்வையாளர்: ‘ஃபெஸ்டன்’ முதல் ‘கொட்டுக்காளி’ வரை

‘கொட்டுக்காளி’ 2024 ஆகஸ்ட் 23 அன்று வெளியான தமிழ்த் திரைப்படம். பி.எஸ். வினோத்ராஜ் எழுதி இயக்கிய இப்படத்தை நடிகர் சிவகார்த்திகேயனின் நிறுவனம் தயாரித்தது. சூரியும் மலையாள நடிகை அன்னா பென்னும் முதன்மைப் பாத்திரங்களில் நடித்தனர். படத்தில் பாடல் காட்சி இல்லை, பின்னணி இசையும் இல்லை. அவ்வாண்டு பிப்ரவரியில் பெர்லின் திரைப்பட விழாவின் ஃபோரம் பிரிவில் திரையிடப்பட்டுப் பாராட்டுப் பெற்ற பின்னர் தமிழகத் திரையரங்குகளுக்கு வந்தது.

திரையரங்கில் அதற்குக் கிடைத்த வரவேற்பு ஒரே மாதிரியாக இல்லை. ஒரு சாரார் தமிழில் இப்படி ஒரு படம் வந்ததே இல்லை என்றனர். மற்றொரு சாரார் ‘படம் முடிந்துவிட்டதா?’ என்று கேட்டபடி எழுந்து சென்றனர். இந்த இரண்டாவது கேள்வி தமிழ்ப் பார்வையாளரின் வரலாற்றில் கவனிக்கத் தக்கது. எழுபது ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற வெறுமையான ஒரு படத்தைப் பார்த்தவர்கள் ‘பாட்டு எங்கே?’ என்றுதான் கேட்டார்கள். ‘பாட்டு எங்கே?’ என்ற குறை ‘முடிவு எங்கே?’ என்ற குறையாக எப்படி மாறியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அதற்கு முன், அலங்காரங்களை முற்றிலும் துறந்த குடும்பப் படத்துக்கு உலக அளவில் முன்மாதிரியாகச் சொல்லப்படும் ஒரு டேனிஷ் படத்தைத் தெரிந்துகொள்வது பயன்தரும்.

டேனிஷ் விருந்து

1995 மார்ச்சில் பாரிஸ் நகரில் சினிமாவின் நூற்றாண்டையொட்டி நடந்த ஒரு கூட்டத்தில் டென்மார்க் இயக்குநர் லார்ஸ் வான் ட்ரியர் சிவப்புத் துண்டறிக்கைகளை அவையை நோக்கி வீசினார். ‘டாக்மே 95’ இயக்கத்தின் அறிவிப்பு அது. அவரும் தாமஸ் விண்டர்பெர்க்கும் சேர்ந்து எழுதிய பத்து விதிகளுக்குக் ‘கற்பு உறுதிமொழி’ என்று பெயரிட்டிருந்தனர். படப்பிடிப்பு உண்மையான இடத்திலேயே நடக்க வேண்டும். கேமராவைக் கையில் பிடித்தே படமாக்க வேண்டும். தனி விளக்கு வைக்கக் கூடாது. காட்சி நடக்கும் இடத்தில் யாரும் பாடவோ வாசிக்கவோ செய்தாலொழிய இசை கூடாது. கொலை, ஆயுதம் போன்ற மேலோட்டமான பரபரப்பு கூடாது. இயக்குநர் பெயர் படத்தில் வரக் கூடாது.

இவ்விதிகளின்படி வெளிவந்த முதல் படம் விண்டர்பெர்க்கின் ‘ஃபெஸ்டன்’ (1998). சொல்லின் பொருள் ‘விருந்து’ அல்லது ‘கொண்டாட்டம்’. அந்தனி டாட் மான்டில் அதை உள்ளங்கையில் அடங்கும் சிறிய டிஜிட்டல் கேமராவில் ஒளிப்பதிவு செய்தார். கான் திரைப்பட விழாவில் நடுவர் குழுப் பரிசை ஒரு பிரெஞ்சுப் படத்துடன் பகிர்ந்துகொண்டது.

கதை எளியது. ஹெல்கே என்ற செல்வந்தரின் அறுபதாம் பிறந்தநாள். நம் ஊரில் மணிவிழா என்போம். குடும்பத்தின் விடுதியில் உறவினர் கூடுகின்றனர். மூத்த மகன் கிறிஸ்டியன் கரண்டியால் கண்ணாடிக் கோப்பையைத் தட்டி எழுந்து நின்று, பச்சை, மஞ்சள் என இரு உறைகளைக் காட்டி, எந்த உரையைப் படிக்கட்டும் என்று தந்தையிடமே கேட்கிறான். தந்தை பச்சையைத் தேர்கிறார். தன்னையும் தன் இரட்டைச் சகோதரி லிண்டாவையும் குழந்தைப் பருவத்தில் தந்தை பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினார் என்பதே அந்த உரை. லிண்டா அண்மையில் அதே விடுதியில் தற்கொலை செய்துகொண்டவள்.

இனி நடப்பதுதான் படத்தின் மையம். விருந்தினர் கொஞ்சம் திகைக்கிறார்கள். பிறகு சாப்பாட்டைத் தொடர்கிறார்கள். தாத்தா ஏற்கெனவே சொன்ன நகைச்சுவைக் கதையை மீண்டும் சொல்கிறார். தாய் எழுந்து, சின்ன வயதிலிருந்தே கற்பனை அதிகம் உள்ள பிள்ளை என்று மகனைச் செல்லமாகக் கடிந்து மன்னிப்புக் கேட்கச் சொல்கிறாள். இளைய மகன் மைக்கேல் சிலரோடு சேர்ந்து அண்ணனைக் காட்டுக்கு இழுத்துச் சென்று மரத்தில் கட்டிவைக்கிறான். யாரும் விட்டுப் போய்விடக் கூடாது என்று சமையற்கூடத்து ஆட்கள் விருந்தினரின் கார்ச் சாவிகளை ஒளித்து வைக்கிறார்கள். இறுதியில் லிண்டா எழுதி வைத்த கடிதம் வாசிக்கப்படுகிறது. மறுநாள் காலை உணவு மேசைக்கு வந்த தந்தை தம் குற்றத்தை ஒப்புக்கொள்ள, மற்றவர்கள் சாப்பிட வேண்டும், எழுந்து போங்கள் என்று மைக்கேலே அவரை அனுப்பிவிடுகிறான்.

திரையரங்கில் அமர்ந்திருப்பவரும் அந்த விருந்தினரில் ஒருவராகிவிடுகிறார் என்பதே இப்படத்தைப் பற்றி அதிகம் பேசப்பட்டது. வருந்த வேண்டிய இடத்தை வயலின் சொல்லித் தருவதில்லை. சாவி ஒளிக்கப்பட்டவர்களைப் போலப் பார்வையாளரும் அங்கேயே உட்கார்ந்திருக்க நேர்கிறது. ஆனாலும் படம் டென்மார்க்கிலும் வெளிநாடுகளிலும் நன்றாகவே ஓடியது. பின்னர் பல நாடுகளில் மேடை நாடகமாகவும் நடிக்கப்பட்டது. அதன் கதைக்கு வித்திட்டது ஒரு வானொலி நிகழ்ச்சியில் ஒருவர் சொன்ன சொந்த அனுபவம். சில ஆண்டுகள் கழித்து அவர் அது தம் கற்பனை என்று ஒப்புக்கொண்டது வேறு கதை.

இங்கே குறித்துக்கொள்ள வேண்டியது ஒன்று. ‘ஃபெஸ்டன்’ இசையைத் துறந்தது, ஒளியமைப்பைத் துறந்தது, இயக்குநர் பெயரையும் துறந்தது. தீர்ப்பை மட்டும் துறக்கவில்லை. குற்றவாளி தலைகுனிந்து எழுந்து போவதைப் பார்த்துவிட்டே பார்வையாளர் வெளியே வருகிறார்.

திண்டுக்கல் சமவெளியும் கொட்டகையும்

சிறுமலைக்கும் பழனி மலைத்தொடருக்கும் இடையே விரியும் வறண்ட நிலம் திண்டுக்கல் சமவெளி. இன்றைய திண்டுக்கல் மாவட்டம் 1985 செப்டம்பர் 15 அன்று மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. நிர்வாகம் பிரித்தாலும் திரைப்பட வணிகம் பிரிக்கவில்லை. விநியோகஸ்தர் கணக்கில் திண்டுக்கல் இன்றும் மதுரை–இராமநாதபுரம் பகுதியைச் சேர்ந்தது. வணிகர் வழக்கில் ‘எம்.ஆர். ஏரியா’. வினோத்ராஜின் இரண்டு படங்களும் காட்டும் நிலமும் பேச்சும் முறைமாமன் உரிமையும் கோடாங்கியும் குலதெய்வமும் சிறுமலையின் இரு பக்கத்து மக்களுக்கும் பழக்கமானவை.

இந்நிலத்துச் சினிமாப் பார்வையாளர் இந்திய அரசியல் வரலாற்றிலேயே இடம்பெற்றவர்கள். 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தொடங்கிய அ.தி.மு.க. சந்தித்த முதல் தேர்தல் 1973 மே 20 அன்று நடந்த திண்டுக்கல் மக்களவை இடைத்தேர்தல். இரட்டை இலைச் சின்னம் களம் கண்டதும் அங்கேதான். அதற்கு ஒன்பது நாள் முன்பு, மே 11 அன்று, ‘உலகம் சுற்றும் வாலிபன்’ வெளியானது. கட்சி வேட்பாளர் மாயத்தேவர் பெரும் வாக்கு வேறுபாட்டில் வென்றார். ஆளுங்கட்சியான தி.மு.க. மூன்றாம் இடத்துக்குப் போனது.

இந்த நிகழ்ச்சி படத்தின் வெற்றியா, கட்சியின் வெற்றியா என்ற விவாதம் பழையது. எம்.ஜி.ஆர். படங்களை ஆராய்ந்த எம்.எஸ்.எஸ். பாண்டியன் தம் ‘தி இமேஜ் ட்ராப்’ (1992) நூலில், அடித்தட்டு நாயகன் மேலோரிடமிருந்து கைப்பற்றிக்கொள்ளும் அதிகாரங்களில் முதன்மையானதாக நீதி வழங்கும் உரிமையைக் குறிப்பிடுகிறார். ஊரில் பண்ணையார் சொல்லும் தீர்ப்பைத் திரையில் கூலியாள் சொல்கிறான். ஆலைத் தொழிலாளரும் தோல் பதனிடுவோரும் மானாவாரி விவசாயிகளும் நிறைந்த ஒரு சமவெளியில் இதன் ஈர்ப்பைப் புரிந்துகொள்வது கடினமில்லை. அங்கே நுழைவுச் சீட்டு வாங்கியவர் எதிர்பார்த்தவற்றில் தீர்ப்பும் ஒன்று.

அக்காலத்துப் படம் பார்க்கும் முறையையும் நினைவில் கொள்ள வேண்டும். கிராமப்புறங்களில் கீற்றுக் கொட்டகையான டூரிங் டாக்கீஸ் இருந்தது. சாமி பாட்டு ஒலித்தால் படம் போடப் போகிறார்கள் என்று பொருள். மணலைக் குவித்து அமரும் தரை டிக்கெட், அதற்குப் பின்னால் பெஞ்சு, ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவே தடுப்பு. ரீல் மாற்றும்போது இடைவேளை, முறுக்கும் சோடாவும். பாட்டு வந்தால் பீடி பிடிக்க எழுந்து போவாரும் உண்டு, பாட்டுக்காகவே மறுமுறை வருவாரும் உண்டு. இந்த ஓட்டத்தில் பாட்டு என்பது கதைக்கு மட்டுமன்றிக் கொட்டகைக்கும் தேவையாக இருந்தது. தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகை என்று கா. சிவத்தம்பி எழுதியது பலரும் அறிந்தது. அப்படிப் பல தரப்பட்டோர் அமரும் இடத்தில் எல்லோருக்கும் பொதுவாகக் கிடைத்த பண்டம் பாட்டு.

1980களின் நடுப்பகுதியில் மதுரையின் எளிய மக்களிடையே தங்கி ஆய்வு செய்த சாரா டிக்கி, 1993இல் வெளியிட்ட நூலில் இதற்கு இன்னொரு பக்கத்தைக் காட்டினார். பார்வையாளர் கவலையை மறக்கத்தான் படத்துக்குப் போவதாகச் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் விரும்பிப் பார்க்கும் படங்களோ மாமியார் கொடுமை, வரதட்சிணை, வறுமை, சாதி மீறிய காதல் என்று அவர்களது கவலைகளையே பேசுகின்றன. அவற்றைப் பேசிவிட்டு, வாழ்க்கையில் கிடைக்காத ஒரு தீர்வையும் தந்து அனுப்புகின்றன. மதுரையில் அவர் கண்டது இது. ஒரே விநியோகப் பகுதியில் அதே படங்களைப் பார்த்த திண்டுக்கல்லுக்கு இது பொருந்தாது என்று கருதக் காரணம் இல்லை.

‘பாட்டு எங்கே?’

பாடலே இல்லாத முதல் தமிழ்ப் பேசும்படம் ‘அந்த நாள்’. ஏவி.எம். தயாரிப்பு, எஸ். பாலசந்தர் இயக்கம். 1954 ஏப்ரல் 13 அன்று, தமிழ்ப் புத்தாண்டையொட்டி வெளியானது. இரண்டாம் உலகப்போரின்போது 1943இல் சென்னை மீது ஜப்பானிய விமானம் குண்டு வீசிய மறுநாள் காலை ஒரு பொறியாளர் சுட்டுக்கொல்லப்படுகிறார். அவரைக் கொன்றது யார் என்று மனைவி, தம்பி உள்ளிட்டோரின் வாக்குமூலங்கள் வழியே தேடுவது கதை. துப்பறியும் கதை என்று வகைப்படுத்தப்பட்டாலும் அடியில் இருப்பது ஒரு குடும்பத்துக்குள் மறைத்து வைக்கப்பட்ட துரோகம்.

கொல்லப்படும் பொறியாளராக நடித்தவர் சிவாஜி கணேசன். ‘பராசக்தி’ வந்து இரண்டாண்டு கூட ஆகவில்லை. அவர் முதல் காட்சியிலேயே சாகிறார். பாட்டும் இல்லை, நடனமும் இல்லை. முதல் வெளியீட்டில் பார்வையாளர் ஏமாந்தனர், படம் வணிகத்தில் தோற்றது. தேசிய விருதுகளில் தகுதிச் சான்றிதழ் பெற்ற பின்னரே அதன் மதிப்பு உயர்ந்தது. இன்று தமிழின் சிறந்த படங்களின் பட்டியல் எதிலும் அது தவறாமல் இடம்பெறுகிறது. அப்படத்தில் கொலையாளி யார் என்ற கேள்விக்குத் தெளிவான விடை உண்டு. தீர்ப்பு இருந்தும் பாட்டு இல்லாததால் தோற்ற படம் அது.

அடுத்த முயற்சி எழுத்தாளர் ஜெயகாந்தனுடையது. தம் குறுநாவலை அவரே ‘உன்னைப்போல் ஒருவன்’ (1965) என்று படமாக்கினார். சேரியில் வாழும் தாய், அவள் மகன் சிட்டி, அவள் வாழ்வில் வரும் இன்னொரு ஆண் ஆகிய மூவருக்கிடையிலான குடும்பக் கதை. தேசிய விருதுகளில் அகில இந்திய அளவில் மூன்றாவது சிறந்த படமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அவ்வாண்டு முதலிடம் பெற்றது சத்யஜித் ராயின் ‘சாருலதா’ என்பதை நினைத்தால் அத்தேர்வின் எடை புரியும். ஆனால் திரையரங்குகள் அதற்கு எளிதில் கிடைக்கவில்லை. அந்த அனுபவங்களை அவர் ‘ஓர் இலக்கியவாதியின் கலையுலக அனுபவங்கள்’ நூலில் எழுதியுள்ளார். பார்வையாளர் நிராகரித்தார்களா, பார்வையாளருக்குக் காட்டப்படவே இல்லையா என்று பிரித்துப் பார்க்க வேண்டிய இடம் இது. தமிழில் பல ‘தோல்விப் படங்கள்’ இரண்டாவது வகையைச் சேர்ந்தவை.

ஊர் சொன்ன தீர்ப்பு

‘ஃபெஸ்டன்’ படத்தின் தந்தைக்குத் தமிழில் நெருங்கிய உறவினர் ஒருவரைத் தேடினால் மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ (1979) படத்துச் சுந்தரவடிவேலுவிடம்தான் போய் நிற்க வேண்டும். ஊரில் பெரிய மனிதர், பள்ளிக்கூடம் நடத்துபவர். வீட்டுக்குள் மனைவியை மெல்ல மெல்லச் சிதைப்பவர். புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யைப் படித்ததன் விளைவாக உருவான இப்படத்தில் இளையராஜாவின் பாடல்கள் உண்டு. எனவே இசை துறந்த படம் என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் வசனத்தைத் துறந்தது. பத்துப் பக்கம் பேசும் தமிழ் சினிமாவில், தாய் இறந்ததைக்கூடப் பேசாமல் காட்டியது. விஜயனின் சுந்தரவடிவேலு குரலை உயர்த்துவதே அரிது.

1979 தீபாவளிக்கு வெளியான படம் வெள்ளி விழாக் கண்டது. மௌனமான குடும்பப் படத்தை மக்கள் ஏற்கமாட்டார்கள் என்ற கருத்தை இது தகர்த்தது என்று பலர் எழுதியுள்ளனர். அது உண்மை, ஆனால் முழு உண்மையல்ல. கடைசியில் ஊரே திரண்டு அந்த மனிதனை ஆற்றங்கரைக்கு நடத்திச் செல்கிறது. நல்லவர்களாக இருந்த உங்களையும் என்னைப்போல் ஆக்கிவிட்டேன், நான் செய்த தவறுகளிலேயே பெரியது அதுதான் என்ற பொருளில் பேசிவிட்டு அவன் ஆற்றில் இறங்குகிறான். கரையில் அவன் பிள்ளைகள் நிற்கின்றனர். மகேந்திரன் அத்தீர்ப்பின் மீதே ஐயத்தை எழுப்புகிறார். ஆயினும் தீர்ப்பு நிறைவேறிவிடுகிறது. கொட்டகையிலிருந்து வெளியே வருபவர் வெறுங்கையோடு வரவில்லை.

பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) அதைத் தரவில்லை. பாட்டில்லாத அப்படத்தில் அர்ச்சனாவும் சொக்கலிங்க பாகவதரும் ஒரு சிறு வீட்டைக் கட்டப் படும் பாடு மட்டுமே கதை. வீடு முடியும் தறுவாயில், அந்த நிலம் குடிநீர் வாரியம் கையகப்படுத்தியது என்று தெரிய வருகிறது. வழக்கு மன்றத்தை நாடிக் காத்திருக்கும் நிலையில் படம் நின்றுவிடுகிறது. அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. அடுத்து வந்த ‘சந்தியா ராகம்’ (1989) குடும்பநலம் குறித்த சிறந்த படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. இவ்விரு படங்களையும் பெரும்பாலான தமிழர் முதலில் பார்த்தது தூர்தர்ஷனில். வீட்டுக் கூடத்தில் அமர்ந்து பார்த்தவர்களுக்கு, முடிவில்லாத முடிவு அவ்வளவு உறுத்தவில்லை. அண்டை வீட்டாரின் வழக்கைப் போல அதையும் மறுநாள் பேசிக்கொண்டார்கள். படம் பார்க்கும் இடம் மாறினால் எதிர்பார்ப்பும் மாறுகிறது என்பதற்கு இது தொடக்கக் காலச் சான்று.

குறை இடம் மாறுதல்

இதற்குப் பின் பாட்டின்மை மெல்ல மெல்ல ஒரு குறையாகவே இல்லாமல் போயிற்று. ‘குருதிப்புனல்’ (1995) பாட்டில்லாமல் வந்தது. ‘விசாரணை’ (2016) பாட்டில்லாமல் வந்து ஆஸ்கருக்கு இந்தியாவின் பரிந்துரையாகச் சென்றது. 2019 தீபாவளிக்கு வந்த ‘கைதி’யில் பாடலும் இல்லை, கதாநாயகியும் இல்லை. அது பெரும் வெற்றி பெற்றது. பாட்டு இல்லையே என்று யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. பாட்டு செல்பேசிக்குப் போய்விட்டது, திரையரங்குக்கு வருபவர் வேறெதையோ தேடி வருகிறார் என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

பின்னணி இசையையும் கைவிட்ட குடும்பப் படம் செழியனின் ‘டு லெட்’. சென்னையில் மென்பொருள் துறையின் எழுச்சியால் வாடகை உயர்ந்த 2007ஆம் ஆண்டில், ஒரு மாதத்துக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டிய கணவன், மனைவி, சிறுவன் ஆகியோரின் அலைச்சலே படம். தமிழின் சிறந்த படத்துக்கான தேசிய விருதை வென்று, 2019 பிப்ரவரியில் திரைக்கு வந்தது. உலக சினிமாவைப் பற்றி வார இதழில் தொடர் எழுதி ஒரு தலைமுறைக்கு அறிமுகம் செய்தவர் செழியன். அத்தொடரும், நகரங்களில் முளைத்த டிவிடி கடைகளும், எழுத்தாளர் அமைப்புகள் மாவட்டத் தலைநகரங்களில் நடத்திய உலகத் திரைப்பட விழாக்களும் சேர்ந்து, ஐரோப்பியப் படங்களைப் பார்க்கும் ஒரு சிறு வட்டத்தைச் சென்னைக்கு வெளியிலும் உருவாக்கின.

வினோத்ராஜ் அந்த டிவிடி காலத்தின் பிள்ளை. மேலூர்ப் பகுதியைச் சேர்ந்த அவர் இளமையிலேயே படிப்பை விட்டுத் திருப்பூரில் வேலை பார்த்தவர். பின்பு சென்னையில் டிவிடி கடையில் வேலைக்கு இருந்தபோது உலகப் படங்களைப் பார்த்தார். முதல் படமான ‘கூழாங்கல்’, புகுந்த வீட்டிலிருந்து துரத்தப்பட்டுக் கைக்குழந்தையுடன் 13 கிலோமீட்டர் நடந்தே தாய்வீட்டுக்கு வந்த தம் சகோதரியின் அனுபவத்திலிருந்து பிறந்தது. அந்த நடையைக் கணவன் நடந்தால் எப்படி இருக்கும் என்று கதையைத் திருப்பினார். 2021இல் ராட்டர்டாம் விழாவின் உயரிய பரிசான டைகர் விருதைப் பெற்ற முதல் தமிழ்ப் படம் அது. ஆனால் திரையரங்குக்கு வராமல் 2023 அக்டோபரில் நேராக இணையத் தளத்தில் வெளியானது. அதன் பார்வையாளர் தனித்தனியே பார்த்தனர். பிடிக்காதவர் பாதியில் நிறுத்திவிட்டார். கூட்டமாக எழும் முணுமுணுப்புக்கு அங்கே வாய்ப்பில்லை.

2024 ஆகஸ்ட்

‘கொட்டுக்காளி’ அந்த வாய்ப்பை ஏற்படுத்தித் தந்தது. பிடிவாதக்காரி என்பது தலைப்பின் பொருள். மீனா கல்லூரியில் படித்தவள், வேறு சாதிப் பையனை விரும்புகிறாள். அவளுக்கு ஏதோ பிடித்துவிட்டது என்று முடிவு செய்த குடும்பம், முறைமாமன் பாண்டியோடு அவளை ஆட்டோவில் ஏற்றிப் பேயோட்டும் ஒருவரிடம் அழைத்துச் செல்கிறது. பலியிடக் காலைக் கட்டிய சேவலும் உடன் வருகிறது. தொண்டை கட்டிப்போய்ச் சுண்ணாம்பு பூசிய கழுத்தோடு கரகரத்த குரலில் பாண்டி பேசுகிறான். மீனா ஏறக்குறையப் பேசுவதே இல்லை. வழிமறித்து நிற்கும் காளையை ஆண்கள் விரட்ட முடியாமல் தவிக்க, ஒரு சிறுமி வந்து அமைதியாக ஓட்டிச் செல்கிறாள்.

படத்தின் கொடூரமான கட்டம் ஒரு பாட்டால் தொடங்குகிறது. வழியில் ஒலிபெருக்கியில் ஒலிக்கும் சினிமாப் பாட்டை மீனா வாய்க்குள் முணுமுணுக்கிறாள். அதைக் கண்ட பாண்டி வெறி கொண்டு அவளையும், தடுக்க வந்த வீட்டாரையும் அடிக்கிறான். டாக்மே விதியும் இந்தப் பாட்டை அனுமதிக்கும், ஏனெனில் அது காட்சிக்குள்ளேயே ஒலிக்கிறது. வினோத்ராஜ் அவ்விதிகளைப் பின்பற்றுபவர் என்று இதற்குப் பொருளில்லை. அவருடைய நீண்ட, திட்டமிட்ட காட்சிகளுக்கும் ‘ஃபெஸ்டன்’ படத்தின் தள்ளாடும் கேமராவுக்கும் தொடர்பே கிடையாது. இசையை விலக்கிவிட்டால் எஞ்சும் ஒரே பாட்டு எவ்வளவு எடை பெறுகிறது என்பதில் மட்டும் இரண்டும் ஒன்றுபடுகின்றன. டேனிஷ் விருந்தில் கறுப்பின விருந்தினரை இழிவுபடுத்தக் கூட்டமாகப் பாடுகிறார்கள். இங்கே ஒருத்தி தனக்குள் பாடியதற்கு அடிவாங்குகிறாள்.

அந்த வாரம் திரையரங்குக்கு வந்தவர்கள் யார் என்பதைப் பார்க்க வேண்டும். சூரியை நகைச்சுவை நடிகராக ஒரு தலைமுறை அறியும். ‘விடுதலை’க்குப் பின் கதாநாயகன் ஆனார். 2024 மே இறுதியில் வந்த ‘கருடன்’ வெற்றி பெற்று மூன்று மாதம்கூட முடியவில்லை. அந்த நம்பிக்கையில் குடும்பத்தோடு வந்தவர்கள், மனைவியாகப் போகிறவளை அடிக்கும் பாண்டியைக் கண்டார்கள். அவனுக்குத் தண்டனை வரும், அல்லது அவன் திருந்துவான், அல்லது மீனா வாய் திறப்பாள் என்று காத்திருந்தார்கள். கடைசியில் பேயோட்டுபவர் இன்னொரு இளம்பெண்ணை எப்படித் தொட்டு ‘குணப்படுத்துகிறார்’ என்பதைப் பாண்டி பார்க்கிறான். அடுத்து மீனாவின் முறை. அவன் தயங்குகிறான். படம் முடிந்துவிடுகிறது.

எழுந்த குறைகளில் பாட்டைப் பற்றியதோ இசையைப் பற்றியதோ மிகச் சில. பெரும்பாலானவை முடிவைப் பற்றியவை. மெதுவாகப் போகிறது என்ற குறையும் இருந்தது. ஆனால் அதே மெதுவை முதல் ஒரு மணி நேரம் பொறுத்துக்கொண்டவர்கள்தாம் கடைசி நிமிடத்தில் கோபப்பட்டார்கள். அதே நாளில் மாரி செல்வராஜின் ‘வாழை’யும் வெளியானது. அதுவும் தென்மாவட்டத்து வறுமையைச் சொல்லும் படம். ஆனால் அது அழவைத்து அனுப்பியது. கண்ணீரும் ஒரு வகையில் முடிவுதான். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தவர்களின் ஒப்பீடு தவிர்க்க முடியாததாயிற்று.

திரைத்துறைக்குள்ளும் விவாதம் எழுந்தது. கமல்ஹாசன் உள்ளிட்டோர் படத்தைப் பாராட்டினர். இயக்குநர் அமீர், தாம் தயாரித்திருந்தால் இப்படத்தைத் திரையரங்குக்குக் கொண்டுவந்திருக்க மாட்டேன் என்றும், விழாக்களுக்குரிய படத்தை ‘வாழை’யோடு போட்டியிட வைத்தது முறையல்ல என்றும் கருத்துத் தெரிவித்தார். படத்தை மதிப்பவரின் கவலையாகவே இதைக் கொள்ளலாம். ஆயினும் அவர் சொல்வதை ஏற்றால், ஆட்டோவில் மீனாவைச் சுற்றி அமர்ந்திருக்கும் அத்தைகளும் மாமன்களும் வாழும் ஊர்களில் அப்படம் ஒருபோதும் கூட்டத்தோடு பார்க்கப்பட்டிருக்காது. பெர்லினில் அமர்ந்திருந்தவர்களுக்குப் பேயோட்டுதல் ஓர் அயல்நாட்டுச் சடங்கு. நத்தத்திலோ நிலக்கோட்டையிலோ வேடசந்தூரிலோ இருந்து படத்துக்கு வருபவருக்கு அது தெரிந்த வீட்டுக் கதை. அந்தக் கதையில் தாம் எந்தப் பக்கம் அமர்ந்திருந்தோம் என்பதும் தெரிந்தே இருக்கும்.

கடைசிக் காட்சியைப் பற்றி இரு வகை விளக்கங்கள் நிலவுகின்றன. பாண்டியின் கண் திறந்துவிட்டது, அவன் மீனாவை அழைத்துக்கொண்டு திரும்பிவிடுவான் என்பது ஒன்று. தன் உடைமையை வேறொருவன் தொடுவதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை, அது திருந்தல் ஆகாது என்பது மற்றொன்று. இரண்டாவது விளக்கத்தைச் சொன்னவர்களில் பெண்கள் பலர். பாண்டி என்ன செய்வான் என்று கேட்டுக்கொண்டிருக்கும் வரை ஆட்டோவில் காத்திருக்கும் மீனா என்ன நினைக்கிறாள் என்று யாரும் கேட்கவில்லையே என்பதும் அவர்கள் எழுப்பிய கேள்வி.